தபசு முடிவதற்குள் தங்கம்: திருவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளின் திருவிழாக் குழுவினருக்கும், பங்குப் பேரவையினருக்கும், சாமிமார்களுக்கும் தோத்திரம்.

நான் பூசை உடை தைத்துப் பிழைக்கிறவள். பாம்பன் தீவில், ரோட்டைப் பார்த்த ஒற்றை அறையில் இரண்டு மெஷின் போட்டு இருபத்தாறு வருசமாகத் தைக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என் வாசலில் நின்று, “அக்கா, கொடியேத்தத்துக்குள்ள முடிஞ்சிருமா?” என்று கேட்டவர்கள்தான். அதனால் வெளியாள் யாரோ குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையே முதலில் சொல்கிறேன்.

இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாளுக்கு முந்தின நோன்புக் காலம்தான் தவக்காலம், ஊரில் தபசு என்போம். போன தவக்காலம் தொடங்கும் முன் ஒரு பங்கின் திருவிழாக் குழுவிலிருந்து ஆர்டர் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்கள் திருவிழாவின் கடைசி நாள் தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. ஏழு சாமியார்கள் சேர்ந்து கூட்டுப் பூசை. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி உடை வேண்டும். “தபசுக்கு ஊதாதானே?” என்று கேட்டேன். “ஊதா வேணாங்க்கா, அது சாவுக் கலரு. வீடியோல எடுபடாது. தங்கக் கலர்ல ஜிகுஜிகுன்னு தைச்சிருங்க” என்றார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அளவை எழுதிக்கொண்டேன், அட்வான்ஸை வாங்கிக்கொண்டேன். பேரனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது.

திருவிழாவுக்குப் போயிருந்தேன். பீடத்துக்குப் பின்னால் நீலமும் ரோஸுமாக மடிப்பு மடிப்பாய்த் துணி, அதற்குள் சீரியல் லைட், பீடத்தைச் சுற்றிலும் பூ. ஏழு சாமியார்களும் நான் தைத்த தங்கத்தில் வரிசையாக வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். இன்ஜின் சத்தத்திலேயே காது போய்விட்டது. மைக் எவ்வளவு அலறினாலும் அவருக்கு ஒன்றும் விழாது. பூசையைக் கண்ணால் மட்டுமே காண்கிறவர். அவர் என் தோளைத் தட்டி, கோயிலே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் கேட்டார்: “ஏத்தா, தபசு முடிஞ்சிருச்சா? பெரிய வெள்ளி எப்பம் போச்சு?”

இல்லை, இன்னும் நான்கு வாரம் இருக்கிறது என்று விரலைக் காட்டினேன். அவர் பீடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பெறகு எதுக்குப் பாஸ்கா உடுப்பு?” என்றார். அதற்குப் பதில் சொல்ல என் விரல்கள் போதவில்லை. அன்றிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனாம் நம்பர் என்று பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் தெரியும். பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்கு. “திருவிழா நேரம், அந்தச் சிவப்பு விளக்கு எடுப்பாக இல்லை, வேற கலர் போடுவோம்” என்று ஒரு தம்பி சொன்னால் என்ன செய்வீர்கள்? அடிக்கப் போய்விடுவீர்கள். கோயிலில் பீடத் துணியும் சாமியாரின் உடையும் அந்த மாதிரி ஏற்றிவைத்த அடையாளம்தான். திருப்பலிப் புத்தகத்தின் முன்னால் உள்ள பொது விதிகளில் 345-ஆம் எண்ணைப் படித்துப் பாருங்கள். நிறம் மாறுவது எதற்கு என்று அதில் இருக்கிறது: அன்றைக்குக் கொண்டாடுகிற மறைபொருளின் தன்மையையும், வருசம் முழுக்க நடந்து போகிற கிறிஸ்தவ வாழ்க்கையின் போக்கையும் கண்ணுக்குக் காட்டுவதற்கு. கண்ணுக்கு என்பதுதான் முக்கியம். வாசகம் கேட்காதவருக்கும், பிரசங்கத்தில் தூங்கிவிட்டவருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற தாய்க்கும் நிறம் போய்ச் சேரும்.

நிறங்கள் ஆதியிலிருந்தே இப்படி இருந்தன என்றும் நினைக்க வேண்டாம். முதல் நூற்றாண்டுகளில் குருமார் போட்டது அந்தக் காலத்து ரோமை உடைதான், பெரும்பாலும் வெள்ளை. பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வழக்கம் முளைத்தது. 1198-ல் மூன்றாம் இன்னொசென்ட் என்ற பெயரில் பாப்பரசரானவர், அதற்கு முன் கர்தினாலாக இருந்தபோதே ரோமையின் வழக்கத்தை எழுதிவைத்தார். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பச்சை என்று நான்கு. ஊதாவைக் கறுப்போடு சேர்த்து எண்ணினார். பச்சையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அது வெள்ளைக்கும் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்கிற நிறமாம். 1570-ல் ஐந்தாம் பியுஸ் வெளியிட்ட பூசைப் புத்தகத்தோடு இந்த வழக்கம் கிட்டத்தட்ட உலகம் முழுக்கச் சட்டமாயிற்று. 1960-களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பெரிய வெள்ளியின் கறுப்பு சிவப்பாக மாறியது. சாவுப் பூசைக்குக் கறுப்பு கட்டாயமில்லை, ஊதா போடலாம் என்றானது. ஒரு பழைய கோயிலின் சக்கிறீஸ்தில், அதாவது பூசைச் சாமான் வைக்கிற அறையில், அலமாரியைச் சுத்தம் செய்தபோது அடித்தட்டில் ஒரு கறுப்புப் பூசை உடையைப் பார்த்தேன். வெள்ளி ஜரிகையில் சிலுவை. கரப்பான் அரித்திருந்தது. ஆனால் அந்தக் கைத்தையல்! இன்றைக்கு எந்த மெஷினாலும் அப்படிப் போட முடியாது. தூக்கிப்போட இருந்தார்கள், கெஞ்சி வாங்கிவந்து வைத்திருக்கிறேன்.

சரி, பச்சைக்கு வருகிறேன். தைக்கிறவளுக்குத்தான் பச்சையின் பாடு தெரியும். வருசத்தில் 33 அல்லது 34 வாரம் பொதுக்காலம், தபசோ பாஸ்காவோ இல்லாத சாதாரண நாள்களின் காலம், அதற்குப் பச்சை. பச்சை உடைதான் முதலில் நைந்துபோகும். கழுத்துப் பக்கம் வேர்வையில் வெளுக்கும், ஜன்னல் பக்கம் தொங்கினால் உப்புக்காற்றிலும் வெயிலிலும் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் பாயும். சிவப்பு வருசத்தில் சில நாள்தான் வெளியே வரும், இருபது வருசம் ஆனாலும் புதுசு மாதிரி இருக்கும். ஆனாலும் உபயமாகப் பச்சை தைத்துக் கொடுக்க யாராவது வருகிறார்களா? என் இருபத்தாறு வருசத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் திருவிழா உடைதான் வேண்டும், உள்பக்கத்தில் “உபயம்” என்று பெயர் தைத்து. எந்தப் பங்குக்குப் போனாலும் பீரோவில் எட்டுத் தங்கம் தொங்கும். பச்சை மட்டும் ஒன்றே ஒன்று, அதுவும் அக்குளில் கிழிந்து.

மீன்பிடித் தடைக்காலத்தோடு பச்சைக்கு உள்ள சம்பந்தத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில். பாஸ்கா எவ்வளவு பிந்தி வந்தாலும், பாஸ்கா காலத்தை முடிக்கிற தூய ஆவியார் பெருவிழா ஜூன் 13-ஐத் தாண்டாது. அதனால் எந்த வருசமானாலும், பாஸ்கா காலத்து வெள்ளை முடிந்து கோயிலுக்குள் பச்சை வந்த பிறகுதான் படகு வெளியே போகிறது. ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு வெள்ளை, அடுத்த நாள் நள்ளிரவோடு தடை முடியும், மறுநாள் பெரும்பாலும் பச்சை. ரோமையில் யாரும் நம் படகுகளை நினைத்து இந்தக் கணக்கைப் போடவில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, வலையைச் சரிபார்த்து ஆண்கள் கிளம்புகிற அந்த வாரத்தில், கடலுக்குப் போவதும் வருவதுமான சாதாரண நாள்களின் நிறத்தைப் பீடத்தில் பார்க்கும்போது எனக்கு ஏதோ ஒரு தைரியம்.

பச்சை என்றால் நம்பிக்கை, வளர்ச்சி என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். வயல்காட்டு ஊருக்கு அது சரி. நம் பிள்ளைகள் பார்க்கிற பச்சை வேறு. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகிப் பூங்கோரை படர்ந்து மீன் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாற்றத்தில் நின்ற பிள்ளையிடம் “பச்சை, நம்பிக்கையின் நிறம்” என்றால் மூக்கைச் சுளிக்கத்தான் செய்யும். இன்னொசென்ட் சொன்ன அந்த ‘நடுநிறம்’ என்ற விளக்கம் நமக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நல்லதும் கெட்டதும் கலந்து வருகிற நாள்களின் நிறம். இதை மறைக்கல்வி ஆசிரியர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

இனி ஊதா. “சாவுக் கலரு” என்று சொன்ன தம்பிக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

என் சின்ன ஐயா சங்கு குளிக்கப் போனவர். பால்சங்கோடு சில நாள் முள்ளிச் சங்கும் எடுத்து வருவார், முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் விளையாட வைத்துக்கொள்வோம். அந்த முள்ளிச் சங்கின் உறவுக்காரச் சங்குகளிலிருந்துதான் மத்தியதரைக் கடல் ஓரத்தில், தீர் பட்டணத்தில், பழைய காலத்து இராஜ ஊதாவை எடுத்தார்கள். சங்குக்குள் ஒரு சுரப்பி. அதன் நீருக்கு முதலில் நிறமே இருக்காது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகி, கடைசியில் ஊதாவாகும். 1909-ல் ஃபிரீட்லாந்தர் என்ற வேதியியலாளர் 12,000 சங்குகளை உடைத்து எடுத்தது 1.4 கிராம் சாயம். ஒரு உடையின் கரைக்குத்தான் போதும். அவ்வளவு விலை என்பதால்தான் அது அரசர்களின் உடையானது. 1453-ல் கான்ஸ்டாண்டினோபிள் விழுந்தபோது அந்தச் சாயத் தொழிலும் போயிற்று. 1464-ல் பாப்பரசர் இரண்டாம் பவுல், கர்தினால்மாரின் உடைக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பைப் பயன்படுத்தச் சொன்னார். கர்தினால்மார் சிவப்பாக இருப்பதற்குப் பின்னால் இப்படிச் சங்கு கிடைக்காத கதை ஒன்று இருக்கிறது.

திருத்தூதர் பணிகளில் வருகிற லீதியா அந்தச் சாயத் துணிக்காரி. பழைய மொழிபெயர்ப்பில் “இரத்தாம்பரம் விற்கிறவள்” என்று இருக்கும். பிலிப்பி பட்டணத்தில் பவுலின் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று, அவரைத் தன் வீட்டில் தங்கவைத்த பெண். துணி வியாபாரி ஒருத்தி வேதாகமத்தில் இருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சேவகர்கள் இயேசுவுக்குப் போட்டுவிட்ட அங்கி. மாற்கு அதை அரச ஊதா என்கிறார், மத்தேயு சிவப்பு என்கிறார். எதுவானாலும், அடித்து முடித்த ஒரு மனுசனுக்கு ராஜா வேசம் கட்டிச் சிரித்த உடை. தவக்காலத்தில் சாமியார் ஊதா போட்டு வரும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கும் அதே ஊதா. அது காத்திருக்கிற வீட்டின் நிறம். நம் பெண்களுக்குக் காத்திருப்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் கரைக்குப் போய் நிற்கிறவர்கள் நாம்.

1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டபோது கோயில்களில் ஊதாதான். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பவளக்கல் சுவரோடு நிற்கிற அந்தப் பாழடைந்த கோயிலுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே கடைசியாக விரித்திருந்த பீடத் துணி என்ன நிறம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லலாம். காலத்தோடு கட்டிய நிறம் என்பதால்தான் அது தெரிகிறது. அன்றைக்கும் யாராவது “தங்கம் போடு” என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

2004-ல் சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருநாள், வெள்ளை. இலங்கை குறுக்கே இருந்ததால் நம் மாவட்டம் பெரிதாக அடிபடவில்லை. நாகப்பட்டினத்துப் பக்கம் போய்த் தையல் வேலை செய்து கொடுத்தேன் அந்த ஜனவரியில். அதைப் பற்றி இங்கே எழுத மனசில்லை.

ஓரியூருக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் துணிந்ததே அதை வைத்துத்தான். அருளானந்தரின் திருநாள் பிப்ரவரி 4, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி என்பதால் சிவப்பு. அங்கே மண்ணும் சிவப்பு. அதைப் பொட்டலம் கட்டி எடுத்து வருகிறோம், வீட்டில் வைக்கிறோம், காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றியில் பூசுகிறோம். லிஸ்பனில் 1647-ல் பிறந்தவர், மறவ நாட்டில் காவி கட்டிப் பண்டாரச் சாமியாக நடந்தவர், கிழவன் சேதுபதி காலத்தில் 1693-ல் வெட்டுப்பட்டவர், 1947-ல் புனிதரானவர். இதெல்லாம் நமக்குப் பாடம். ஆனால் 1693-ல் பிப்ரவரி 4 என்ன நாள் தெரியுமா? அந்த வருசம் பாஸ்கா மார்ச் 22-ல் வந்தது. அதைவிட முந்தி பாஸ்கா வரவே முடியாது. அப்படியானால் பிப்ரவரி 4, புதன்கிழமை, தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன்.

உலகமெல்லாம் ஊதாவைப் போட்டு நெற்றியில் சாம்பல் பூசிய நாளில் ஓரியூரில் அவர் தலை விழுந்தது. அந்த நாள்காட்டியில் அன்றைக்குச் சிவப்பு இல்லை. நாம் இன்று போடுகிற சிவப்பு அந்த ஊதா நாளிலிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-ல் வந்தது 1761-லும் 1818-லும் மட்டும். இனி 2285-ல்தான். இதைக் கணக்குப் போட்டுச் சொன்ன எங்கள் பழைய உபதேசியார் இப்போது உயிரோடு இல்லை. தவக்காலம் என்றால் திருவிழாவுக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அந்த மணலில் நின்று இதை யோசித்துப் பாருங்கள்.

ஓரியூர் மட்டுமா? மூக்கையூர் யாகப்பருக்கு ஜூலை 25-ல் சிவப்பு, அவர் அப்போஸ்தலர். சவேரியாருக்கு டிசம்பர் 3-ல் வெள்ளை, ஊதாக் காலத்தின் நடுவில் ஒரு நாள் வெளுத்துத் திரும்ப ஊதாவாகும். அது முறைப்படி நடக்கிற மாற்றம், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வேதாளையில் 1549-ல் குத்துப்பட்டு இறந்த அந்தோணி கிரிமினாலி சாமிக்கு மட்டும் இன்னும் சிவப்பு கிடைக்கவில்லை. அவர் புனிதர் பட்டியலில் இல்லை. சேசு சபையில் முதலில் இரத்தம் சிந்தியவர் அவர், அதுவும் நம் கரையில். மண்டபத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஊர் வருகையில் எனக்கு ஒரு சிவப்பு உடை பாக்கி இருக்கிறது என்று தோன்றும்.

இப்போது உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி எனக்கு வாட்ஸாப்பில் விதியை அனுப்பினார்: பெரிய நாள்களில் அன்றைய நிறமாக இல்லாவிட்டாலும் மேலான உடையைப் போடலாம். உண்மை, 346-ல் இருக்கிறது. பாதுகாவலர் திருவிழா அந்தக் கோயிலுக்குப் பெருவிழா என்பதும் உண்மை. ஆனால் திருவருகை, தவக்காலம், பாஸ்கா காலத்து ஞாயிறுகள் எந்தப் பெருவிழாவுக்கும் இடம் விட்டுக்கொடுக்காது. அதுவும் விதிதான். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்கக் கூடாது என்பதும் விதிதான். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும்தான் விலக்கு. திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில்தானே வருகிறது? முதல் நாள் சாயங்காலம் சிலுவைப்பாதை நடக்கிறோம், அப்புறம் சப்பரம். அந்தோனியாரின் சொந்தத் திருநாள் ஜூனில் இருந்தாலும் கடல் அமைதியாக இருக்கும் மாசத்தில் போகிறோம். தவக்காலத்தோடு சேர்ந்து நடக்கிற திருவிழாவுக்கு நமக்குப் பழக்கம் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

மாதா திருவிழாவுக்கு நீலம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் கணக்கில் சேரட்டும். மாதாவுக்கு வெள்ளைதான். அமலோற்பவ மாதாவுக்கு நீலம் போடும் அனுமதி ஸ்பெயின் மாதிரிச் சில இடங்களுக்குப் பழைய காலத்தில் கொடுத்தது, நம்முடையது அல்ல. மாதா சிலையின் சேலை நீலமாக இருக்கட்டும், கொடி நீலமாக இருக்கட்டும், அதில் தடை இல்லை. ரோஜா நிறம் வருசத்தில் இரண்டே ஞாயிறு. அதை ஒரே ஒரு தடவை தைத்தேன். பீடச்சிறுவர்கள் “சாமி பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்காரு” என்று சிரித்தார்கள். பிறகு அந்தப் பங்கில் அதை வெளியே எடுக்கவே இல்லை.

வெள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது கொஞ்சம் உறுத்தலான சங்கதி. என் அப்பத்தா முப்பத்தோரு வயசில் வெள்ளைச் சேலை கட்டியவள். அப்பச்சி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பாஸ்கா இராத்திரியில் சாமியார் வெள்ளை உடுத்தி வரும்போது அவள் என் காதில் சொல்வாள்: “சாமிக்கு இன்னைக்குத்தான் பாஸ்கா. எனக்கு வருசம் பூராப் பாஸ்காதான்.” சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் சின்னப் பிள்ளை, நானும் சிரிப்பேன். ரோமையின் நிறப் பட்டியலில் வெள்ளை என்றால் மகிழ்ச்சி, ஞானஸ்நானம், உயிர்ப்பு. நம் தெருவில் வெள்ளை என்றால் தாலி இல்லாதவள். அந்தந்த நாட்டு மக்களின் பண்பாட்டுக்குத் தக்கபடி நிறத்தில் மாற்றம் கேட்க ஆயர் பேரவைகளுக்கு வழி இருக்கிறது. 1969-ல் இந்தியாவுக்குக் கொடுத்த அனுமதிகளில், பழைய உடைகளுக்குப் பதிலாக ஒரே அங்கியும் அங்கவஸ்திரமும் போதும் என்பதும் ஒன்று. ஆனாலும் வெள்ளையை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேசுங்கள் என்கிறேன். திருவிழாவுக்கு மாதர் சங்கத்துக்கு ஒரே கலர் சேலை எடுக்கிறீர்கள், காணிக்கைப் பவனியில் வரிசை கட்டுகிறீர்கள். வெள்ளைச் சேலைக்காரிகளை மட்டும் “நீங்க பின்னால வாங்கம்மா” என்று கடைசியில் விடுகிறீர்கள். அன்றைக்குச் சாமியார் மேல் கிடப்பதும் அதே வெள்ளைதான். என் கையால் வெட்டிய ஒரே தானில் பாதி உடையாகவும் பாதி ஒரு கைம்பெண்ணின் ரவிக்கையாகவும் போனதுண்டு. முன்வரிசையில் அவர்களை விட என்ன தடை?

சி.எஸ்.ஐ. கோயில்காரர்களும் பீடத் துணியைக் காலத்துக்குக் காலம் மாற்றுகிறார்கள். அவர்களுக்கும் தைக்கிறேன். அங்கே ஒரு ஊரில் நிறம் மாறுகிற ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளில் ஒருவர் முன்னால் வந்து, இன்றைக்கு இந்த நிறம், இதனால் என்று நான்கு வரி வாசிக்கிறது. ஒரு நிமிசம்கூட ஆகாது. அறிவிப்பு நேரத்தில் நன்கொடைப் பட்டியல் வாசிக்கப் பத்து நிமிசம் கிடைக்கிற நமக்கு இந்த ஒரு நிமிசம் கிடைக்காதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தவக்காலத்து ஞாயிறில் திருவிழா விழுந்தால் அன்றைய பூசைக்கு ஊதாவையே விடுங்கள். நல்ல ஊதா, கைத்தறியில், ஜரிகை இல்லாமல் தைத்துத் தருகிறேன், வீடியோவில் எப்படி எடுபடுகிறது என்று பாருங்கள். சப்பரத்தின் மேல் எத்தனை லைட் வேண்டுமானாலும் போடுங்கள். பீடத்தின் பின்னால் மட்டும் வேண்டாம். உபயம் கொடுக்க வருகிறவரிடம் தங்கம் வேண்டாம், பச்சை கொடுங்கள் என்று குழுவே சொல்லட்டும். தங்க ஜரிகை இந்த உப்புக்காற்றில் மூன்று வருசத்தில் கறுத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை. முடிந்தால் காது கேட்காத, கண் தெரியாத, வயசான ஆள்கள் பங்கில் எத்தனை பேர் என்று அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) வாரியாக ஒரு கணக்கு எடுங்கள். யாருக்கு எது போய்ச் சேருகிறது என்று அப்போது தெரியும்.

அந்தப் பெரியவரைப் பிறகு ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு, “இப்ப என்ன காலம்?” என்று விரலை ஆட்டிக் கேட்டார், கேலியாக. ஜூலை மாசம். நான் என் சேலைத் தலைப்பைக் காட்டினேன், தற்செயலாகப் பச்சை. தலையாட்டினார்.

அடுத்த தவக்கால ஆர்டர்களை டிசம்பருக்குள் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் ஊதாத் துணி மதுரையில் கிடைப்பதில்லை. என்னிடம் பன்னிரண்டு மீட்டர் மிச்சம் இருக்கிறது, இரண்டு உடைக்குத் தாராளமாக வரும். போன வருசம் தங்கம் வாங்கிய அந்தப் பங்குக்குத் தையல் கூலி வேண்டாம், துணிக்கு மட்டும் கொடுத்தால் போதும். பச்சை தைக்க யார் வந்தாலும் அப்படியே.

இப்படிக்கு,
பாம்பன் தீவிலிருந்து,
பூசை உடை தைக்கும் உங்கள் அக்கா